நாற்பது கடிதங்கள், ஒரே மதியம்

மேலூர்
12.8.1999

அன்புள்ள அய்யாவுக்கு, முத்துமீனா வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

செவ்வாய்க்கிழமை எங்கள் கிரானைட் ஆபீசில் நாற்பது கம்பெனிகளுக்குக் கண்காட்சி அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. என்னைக் கம்ப்யூட்டர் வேலைக்குத் தற்காலிகமாக வைத்திருந்த மேனேஜர் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் சொன்னார். "அஞ்சு மணித் தபாலுக்குள்ள முடியலேன்னா, பழையபடி டைப்ரைட்டரே போதும். நீ ஊருக்குக் கெளம்பலாம்."

உடனே உட்கார்ந்து தேடினேன். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் யாரோ அடித்த போன வருடத்து அழைப்புக் கடிதம் அதிலேயே இருந்தது. அதைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, தேதியையும் இடத்தையும் திருத்தினேன். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் பெயரும் விலாசமும் மட்டும் மாற்றினேன். மூன்றரைக்கு நாற்பதும் அச்சாகிவிட்டன!

மேனேஜர் தப்புத் தேடி எல்லாவற்றையும் படித்தார். "ஏம்மா, இம்புட்டு சீக்கிரமாவா? ஒரு எழுத்துகூடப் பெசகலையே!" என்றார். நேற்று வேலையை நிரந்தரம் செய்துவிட்டார், அய்யா!

அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். விடுதியில் நல்ல போர்வை இருக்கிறது. இருந்தாலும் அனுப்புங்கள். தபால்காரர் வாசலில் தபால் பெட்டியைத் திறந்துவிட்டார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்
முத்துமீனா