அணுவும் அப்பாவின் பாறைகளும்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏரிக் காற்றில் உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம். போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். அணுவின் படத்தை வரையச் சொன்ன நியிரோங்கோ சார், அடுத்த வருடப் பாடத்தில் அதே அணுவுக்கு வேறு படம் வரும் என்றார். "அப்போ இது பொய்யா சார்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. "ஓ, பொய்யைப் படிக்கவா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தே? காலையில தலைமையாசிரியைகிட்ட வந்து பதில் சொல்லும்மா," என்றார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று தூக்கம் வரவில்லை.

படகுப் பலகையில் நீங்கள் கரியால் வரைந்த ஏரி நினைவுக்கு வருகிறது. வலை கிழிந்த நாளெல்லாம் தண்ணீருக்கடியில் இருக்கும் ஒரு பாறையை அழித்து, சற்றுத் தள்ளி வரைவீர்கள். நான் விளக்குப் பிடிப்பேன். படம் ஒருநாளும் முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் வலை கிழிவது குறைந்துகொண்டே வந்தது. நாளை அதைத்தான் சொல்லப்போகிறேன்.

உசிப்பா கருவாடும் ஒரு சோப்பும் அனுப்புங்கள். விடுதி அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. அந்தப் பலகையை மட்டும் கழுவிவிடாதீர்கள்.

உங்கள் தமாண்டா