முகம் காட்டாத பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேலைக்குப் போன வெளிநாட்டில் நீ ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் பிள்ளை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் எடை பார்த்துவிட்டு உன் மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள், போனோம். கல்லீரலில் கொழுப்பு, ரத்த அழுத்தம் கூடுதல், சர்க்கரை வாசல்வரை வந்து நிற்கிறது என்றார் டாக்டரம்மா. இப்படியே விட்டால் உங்களுக்கு அறுபதுல வந்ததெல்லாம் இவனுக்கு மீசை முளைக்கறப்பவே வந்துடும், அப்புறம் இருதயம், சிறுநீரகம்னு ஒவ்வொண்ணாப் போகும் என்றார். இவன் என்னைப் பார்த்து, அப்போ உங்க மாத்திரையில பாதி எனக்குத் தருவீங்களா தாத்தா என்று கேட்டான். சிரித்துச் சமாளித்தேன், ஆனால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நம் வேனில் ஏறியும் வெகுநேரம் சாவியைப் போடவில்லை.

யாரைக் குற்றம் சொல்ல? பாவம், அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளை என்று உன் அம்மா ஒரு கரண்டி கூடப் போடுவாள், அவளுக்குத் தெரியாமல் உன் தங்கை பிஸ்கட் கொடுப்பாள், ரெண்டு பேருக்கும் தெரியாமல் நான் வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவேன், போதாததற்கு நீ அனுப்பும் பெட்டி நிறைய சாக்லேட். அவன் உன்னை நினைத்து ஏங்கும்போதெல்லாம் வாயில் எதையாவது வைத்து அடைத்திருக்கிறோம். வேனில் மற்றப் பிள்ளைகள் அவனை 'ரெண்டு சீட்' என்று கூப்பிடுவது காதில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தால் அவனும் சேர்ந்து சிரிக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது வேனைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வருகிறோம். யாருக்கு அதிகம் மூச்சு வாங்குகிறது என்பதில்தான் போட்டி.

போனில் ஏன் முகம் காட்ட மாட்டேன் என்கிறான் என்று கேட்டிருந்தாய். கேமரா கெட்டுப்போகவில்லை அம்மா, அவன்தான் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தான். உரிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா போறப்போ நான் ஒல்லியா இருந்தேன், இப்போ பார்த்தா வேற யாரோன்னு நினைச்சுடுவாங்க என்றான். ஸ்டிக்கரை அப்படியே விட்டுவிட்டேன்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, உன் உடம்பையும் பார்த்துக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளையும் இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று, இனிமேல் பெட்டியில் தின்பண்டம் வேண்டாம், ஓடி விளையாட ஒரு ஜோடி ஷூ போதும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டிக்கரை எடுக்கச் சம்மதித்திருக்கிறான். முகத்தைப் பார்த்ததும் ஏண்டா இப்படி ஆயிட்டே என்று மட்டும் கேட்டுவிடாதே. அழுகை வந்தாலும் அடக்கிக்கொண்டு, நீ கொஞ்சும் அந்தச் செல்லப் பேரைச் சொல்லி முதலில் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா