புல்வெளிக்குப் போன தண்ணீர்

மார்ச் 4
ஹாஸ்டலில் இன்றும் காலையில் தண்ணீர் வரவில்லை. வார்டன் வேலை போதாதென்று தண்ணீர், மின்சாரம், பசுமை எல்லாம் காக்கும் ‘சஸ்டெய்னபிலிட்டி’ ஒருங்கிணைப்பாளர் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கல்லூரிக்குக் கிரேடு போட மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். அதற்குள் வாசல் புல்வெளி பச்சையாக வேண்டும். “சஸ்டெய்னபிலிட்டின்னா வர்றவங்க கண்ணுக்குத் தெரியணும் மேடம்” என்கிறார் பிரின்சிபால். போர்வெல்லில் வருவதே கொஞ்சம். அதுவும் புல்லுக்கு. பெண்கள் குளிக்காமல் வகுப்புக்குப் போகிறார்கள். எனக்கே தலை நாறுகிறது.

மார்ச் 7
தளியிலிருந்து சென்னப்பன் வந்திருந்தார், இரண்டாம் வருஷம் படிக்கும் சுவாதியின் அப்பா. ஓசூரில் செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம். படிப்பை நிறுத்தி அனுப்பப் பார்க்கிறார். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண், இதை எப்படி விடுவது? “இன்னும் ஒரு வருஷந்தானுங்க, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“உங்கள நம்பித்தான் உட்டுட்டுப் போறேன் மேடம்” என்றார்.

மார்ச் 12
தண்ணீர்ப் பிரச்சினைக்குப் பிரின்சிபால் வழி கண்டுபிடித்துவிட்டார். ஹாஸ்டல் பெண்களுக்கு மட்டும் ‘ஸ்டடி லீவ்’, குழு வந்துபோகும் வரை. சண்டை போட்டேன். சுவாதி மாதிரிப் பெண்கள் வீட்டுக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று சொன்னேன். “நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க.” அதோடு சரி. சாயங்காலம் பெண்களை நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 16
புல் பச்சையாகிவிட்டது. நாசமாய்ப் போக.

மார்ச் 19
குழு வந்தது. புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்ததை நான்தான் திரையில் காட்டினேன். “எக்ஸலண்ட். எப்படிச் சாதிச்சீங்க?” என்று குழுத் தலைவர் கேட்டார். எனக்கு என்ன வந்ததோ — “பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிட்டோம் சார்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். நானும் — சீ — கூடவே சிரித்தேன்.

மார்ச் 24
பெண்கள் வந்துவிட்டார்கள். சுவாதி வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 2
உயர்ந்த கிரேடு. நீர் மேலாண்மைக்குத் தனிப் பாராட்டு வேறு. ஸ்டாஃப் ரூமில் கேசரி கொடுத்தார்கள். தொடாமல் வைத்துவிட்டு வந்தேன். சென்னப்பனுக்கு என்ன பதில் சொல்வேன்?

ஏப்ரல் 6
சுவாதியே கூப்பிட்டாள். கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். “பரீட்சைக்காவது வாடி, அப்பாகிட்ட நான் பேசறேன்” என்று கெஞ்சினேன்.

அப்பா மனசு மாறி, கல்லூரிக்கே போ என்றுதான் சொன்னாராம். இவள்தான் மாட்டேன் என்றிருக்கிறாள்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். இங்க கம்பெனி ஹாஸ்டல்ல எப்பத் திறந்தாலும் தண்ணி வருதுங்க.”

சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.