மாசி பிறந்ததும் வேகம்

இன்று விடியற்காலையில் அலமாரியைத் திறந்து, இதயத் துடிப்பைக் காட்டும் அந்த நெஞ்சுப் பட்டையை எடுத்தேன். பழைய வியர்வை காய்ந்து விறைத்துப்போயிருந்தது. ரப்பரும் உப்பும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. நீ போன அன்று கழற்றிப் போட்டது.

மழைக்காலம் முழுக்கச் சைக்கிளை மெதுவாகத்தான் மிதித்தேன். நீ வகுத்த முறைதான். "பேசிக்கிட்டே மிதிக்கிற வேகம் போதும்டா. மாசி பொறக்கட்டும், வேகத்த அப்ப வச்சுக்கலாம்" என்பாய். துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியபோது சாமான்களோடு ரேஸ் சைக்கிளையும் கொண்டுவந்து இறக்கியவன் நீ. கோவில்பத்து வீட்டிலிருந்து ஆபீசுக்குப் பைக்கில் போய்வந்து தொப்பை வளர்த்துக்கொண்டிருந்த என்னையும் விடவில்லை. "நம்ம ஊர்ல மலை ஏது? எதிர்காத்துதான் நமக்கு மலை" என்று எழுந்து நின்று மிதிப்பாய்.

போன புரட்டாசியில், திருநள்ளாற்றுச் சாலையில், எப்போதும் முன்னால் போகிற நீ பின்தங்கினாய். திரும்பி வந்தேன். மதகுக் கட்டையில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"என்னடா செய்யுது?"

"ஒண்ணுமில்லடா, வாய்வு. நீ போ, வந்துடுறேன்."

நான் போகவில்லை. ஆட்டோவை நிறுத்தி ஏற்றினேன். மதியம் லுஹர் தொழுகைக்கு முன்பே ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு வேகம் என்றாலே பயம். டாக்டரிடம் எல்லாச் சோதனையும் செய்துகொண்டேன். தாராளமாக மிதிக்கலாம் என்றார். இன்று காலை வாசலில் என் மனைவி கேட்டாள்: "போயித்தான் ஆகணுமா?"

"டாக்டரே சரின்னுட்டாரு."

"அவரு சொன்னது உங்க நெஞ்சுக்கு. என் நெஞ்சுக்கு யாரு சொல்றது?"

நெஞ்சுப் பட்டையை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அதே சாலையில், முழு வேகத்தில் மிதிக்கும் மூன்று சுற்றுகளில் முதலாவதை எப்படியோ முடித்தேன். துடிப்பு காதுக்குள் அடித்தது. சாலையைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தில் ஏறும் துடிப்பு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதில், நீ உட்கார்ந்திருந்த மதகைத் தாண்டும்போது விலாவில் சுருக்கென்றது. இறங்கிவிட்டேன். விலாவைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பதி ஸ்கூட்டரை நிறுத்தினார்கள்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்றாள் அந்தப் பெண்.

ஒன்றுமில்லை என்றுதான் வாய் எடுத்தேன். உன் முகம் வந்தது. "பயமா இருக்கும்மா" என்றேன். "விலாவுல பிடிச்சிருக்கு. என் கூட்டாளி ஒருத்தன் இதே ரோட்டுலதான் நெஞ்சுவலி வந்து போயிட்டான்."

அவள் கணவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "உக்காருங்க. சரியாவுற வரைக்கும் நாங்க இங்கயேதான் இருப்போம்."

மூச்சு அடங்க அடங்க வலி இறங்கி, காணாமல் போனது. வெறும் தசைப்பிடிப்பு. அவர்களை அனுப்பிவிட்டு வெகுநேரம் யோசித்தேன். பிறகு கடற்காற்றை எதிர்த்துத் திரும்பி, மூன்றாவது சுற்றையும் மிதித்தேன். கடைசி வரை பயந்துகொண்டேதான்.

வீட்டில் மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை.

"அடுத்தது எப்ப?"

"வியாழக்கிழமை."

"நானும் ஸ்கூட்டில பின்னாலயே வர்றேன்."

வரட்டும். இனி ஒவ்வொரு முறையும் பயமும் கூடவே வரும், தெரியும். ஆனால் எழுந்து நின்று மிதிக்கும்போது உடம்புக்குள் பொங்குகிற அந்தச் சந்தோஷத்தை எனக்குக் காட்டிவிட்டுப் போனவன் நீ. அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லையடா.