சாக்கடைக்கு முன்னால் ரோடு வேண்டாம்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான். வாய் நன்றாகவே இருக்கிறது.

அந்த வாய் வழியாகத்தான் நேற்று உன் மிரட்டலும் வந்து சேர்ந்தது. துணி மடித்துக்கொண்டே, "தம்பி கையெழுத்துப் போட்டா உன் மன்றமே கலைஞ்சிடுமாமே, ரோடு போட விட்டுடேன்டி" என்றாள். ஏன்டா, அரசாங்க உத்தரவை அம்மாவிடம் போனில் சொல்லி அனுப்புகிற அதிகாரியை இப்போதுதான் பார்க்கிறேன். நகர்மன்றத்துக்கு விலாசம் இல்லையா?

உன் துறை அனுப்பிய ரோடு ரோலர் கடைவீதி முனையிலேயே நிற்கிறது. நகர விடமாட்டோம். அக்காவின் ஊருக்கு நல்லது செய்யலாம் என்று நீ ஆசைப்பட்டாய், தெரியும். ஆனால் சாக்கடை கட்டிய பிறகுதான் ரோடு என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. இப்போதே ரோட்டை உயர்த்தினால் முதல் மழைக்கே கீழத்தெரு வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகும். உள்ளூர்த் தெருக்கள் மன்றத்தின் பொறுப்பு என்பது சட்டம். அதை மனப்பாடம் செய்துதானே பரீட்சையில் தேறினாய்? புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கச் சொன்னவள் நான்.

அதனால் திங்கட்கிழமை நாற்காலிகளை ரோலருக்கு முன்னால் போட்டு, மன்றக் கூட்டத்தை அங்கேயே நடத்தினோம். ரோலர் ஓட்டுநர் பாவம், வெயிலுக்கு எனக்குக் குடை பிடித்தார்.

அதிகாரம் என் தலைக்கேறிவிட்டது என்றாயாமே. போன மாதம் கீழத்தெருக் குழாயை எங்கே வைப்பது என்று நானே முடிவு செய்யப் போனேன். தெருக் குழுப் பெண்கள், "தண்ணி பிடிக்கிறது நாங்க, இடத்தையும் நாங்களே சொல்றோம்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். குழாய் அவர்கள் சொன்ன இடத்தில்தான் நிற்கிறது. அந்தச் சுருக் உனக்கும் கொஞ்சம் இருக்கட்டும், செத்துப் போக மாட்டாய்.

மன்றத்தைக் கலைக்கும் உத்தரவு உன் மேசையில் காத்திருக்கிறதாம். போடுவதென்றால் போடு, நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டுவந்து கீழத்தெருவில் நின்று வாசி. அந்த வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே வாசி.

அதிகாரியாக வந்தால் மன்றக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வா. தம்பியாக வந்தால் தட்டவே வேண்டாம், அம்மா உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாள். எப்படியாவது வந்துவிடுடா. நன்றாயிரு.

உன் அக்கா,
இன்று வரை நகர்மன்றத் தலைவி