கொதிக்க வைத்த பானக்கம்

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் குளோரின் வாடை போகவில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மருந்து போட்டுவிட்டு இப்போதுதான் பதுளைக்கு இறங்கினேன். இந்தக் கையோடு சாப்பிட உட்கார்ந்தால் நீதான் முதலில் மூக்கைப் பொத்துவாய். நீ கண்ணை மூடி ஒரு வருடமாகப் போகிறது. சுகாதார அலுவலகத்தில் உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பயந்துகொண்டு.

மேல் லயத்தில் மஞ்சள் காமாலை. இன்று காலையில் மாசமாக இருக்கும் பெண்ணொருத்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் மஞ்சளாகி, பேச்சுக் குழறுகிறது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இது எவ்வளவு பொல்லாதது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைப் போத்தலில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. நாளைக்கு அம்மன் திருவிழா. தோட்டம் முழுக்கப் பானக்கம் குடிக்கும்.

வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்திலும் நாம் சேர்ந்து போன அன்றைக்கு இதே கதைதான். தொட்டிக்கு மருந்து போட்டாயிற்று என்று நாம் நிம்மதியாக இருந்தோம். கோயில் தலைவரோ, "மருந்து நாத்தமடிக்கிற தண்ணியில ஆத்தாளுக்குப் பானக்கம் கரைக்க முடியுங்களா?" என்று சொல்லி, மலையிலிருந்து ஊற்றாக வடியும் பீலித் தண்ணீரைக் குடம் குடமாக இறக்கியிருந்தார். அந்தப் பீலிக்கு மேலேதான் கக்கூஸ் குழிகள். நீ சண்டை போடவில்லை. "பீலித் தண்ணியே இருக்கட்டுங்க தலைவரே, கொதிக்க வச்சுக் கரைங்க" என்றாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாய். உச்சி வெயிலில் சூடான பானக்கத்தைக் குடித்துத் தோட்டமே உன்னைத் திட்டியது.

"சோதனை முடிவு வரட்டும்னு இருந்திருக்கலாமே" என்று நான் முணுமுணுத்தேன்.

"முடிவு வந்தப்புறம் யாரு வேணாலும் பயப்படலாம்டி" என்றாய்.

அந்தத் துணிச்சல்மேல் எனக்குப் பொறாமைகூட உண்டு.

இன்று மத்தியானம் நானும் போய், பானக்கத் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லிக் கேட்டேன். "ரிப்போர்ட் இருக்குங்களா டாக்டரம்மா?" என்றார் இந்தத் தோட்டத்துத் தலைவர். இல்லை என்றேன். உன்னைப் போலச் சிரித்துப் பேச எனக்கு வராது, குரல் நடுங்கிவிட்டது. கூட்டத்தில் நின்றிருந்த, காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த பெண்ணின் மாமியார் என் முகத்தையே பார்த்தாள். "டாக்டரம்மாவே பயப்படுறாங்க. கொதிக்க வைங்கப்பா" என்றாள். தலைவர் விறகுக்கு ஆள் அனுப்பினார்.

துணிச்சலை நீ கையோடு கொண்டுபோய்விட்டாய். என்னிடம் இருப்பது பயம் மட்டும்தான். விடிந்ததும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் நிற்கப் போகிறேன்.