பத்தாம் நம்பர் பனியன்

மே 4, ஞாயிறு

இன்று நான் கோல்கீப்பர். போன வாரம் பின்வரிசையில் இடது பேக். அதற்கு முந்தின வாரம் நடுவில் ஆரம்பித்து, வலது பக்கம் போய், கடைசியில் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டில் கொடுத்தேன்.

எங்கள் கீப்பர் ஆண்டாள். சித்தி பேத்திக்குக் காதுகுத்து என்று தொண்டூர் போய்விட்டாள். எங்கள் கால்பந்துக் கழகச் செயலாளர் சுந்தரமூர்த்தி அண்ணன் உடனே என் பக்கம் திரும்பினார்.

"பூங்குழலி, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

பள்ளிக்கூட டீமில் சேர்ந்த நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்கிறேன். எனக்கு வேண்டியது முன்வரிசை, பத்தாம் நம்பர் பனியன். ஒரே ஒரு ஃபைனலிலாவது நான் கோல் போட வேண்டும். கேட்டால், "உன்ன மாதிரி எங்க போட்டாலும் ஆடற பொண்ணு யாரு இருக்கா?" என்கிறார். இது பாராட்டா, தண்டனையா?

வல்லம் டீமைத் தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். அடுத்தது செமி ஃபைனல். முட்டி இரண்டும் எரிகிறது.

மே 8

அண்ணன் ஜப்பானிலிருந்து ஆள் இறக்குகிறார்!

விசாரித்தால், இறங்கப்போவது ஒரகடத்திலிருந்து. அங்கே கார் கம்பெனி ஒன்றில் வேலையாம். பெயர் யூகா. ஜப்பானில் பல வருஷம் சம்பளத்துக்கு ஆடி ஓய்வு பெற்றவர். அண்ணனின் மச்சான் அந்தக் கம்பெனியில் டிரைவர். வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இந்தப் போட்டியில் விதி இருக்கிறது.

"எந்த எடத்துலண்ணே ஆடுவாங்க?"

"எல்லா எடத்துலயும்! அதான் விசேஷமே!"

நான் மட்டும் என்ன, கோலம் போட்டுக்கொண்டா இருக்கிறேன்? செஞ்சிக்காரி எல்லா இடத்திலும் ஆடினால் அட்ஜஸ்ட். ஜப்பான்காரி ஆடினால் விசேஷம்.

மே 10

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் ராஜகிரிக் கோட்டை, மறுபக்கம் ஃபியூஜி மலை. நடுவில் இரண்டு மலையையும் விட உயரமாகச் சுந்தரமூர்த்தி அண்ணன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். யூகாவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முகம். "ஆசியாவின் புயலே வருக." டீமில் மற்ற யாருக்கும் எலுமிச்சம்பழம்கூட இல்லை.

அம்மா நின்று பார்த்துவிட்டு, "இவுரு எப்படி ஜப்பான் போனாரு?" என்றாள்.

மே 11, ஞாயிறு

யூகாவைப் பிடிக்கக் கூடாது என்று முடிவுசெய்துதான் செமி ஃபைனலுக்குப் போனேன். குள்ளமாக, வெயிலில் கன்னம் சிவந்து, பெரிய தொப்பியோடு வந்தார். கம்பெனியில் கற்ற தமிழில், "நான் எங்கே?" என்று கேட்டார். அண்ணன் பின்வரிசையைக் காட்டினார். "பரவாயில்லை" என்று ஓடினார். பாதியில் வலது பக்கம் போகச் சொன்னார். அதற்கும் பரவாயில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அடைக்க வேண்டிய ஓட்டையை எல்லாம் அவரே அடைத்துவிட்டதால், என்னை எங்கே போடுவது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. பத்தாம் நம்பரை எடுத்து என்னிடம் தூக்கிப் போட்டார்.

கோல் போட்டேன். நான்! ஐயோ, அந்தச் சத்தம். கடையில் நாள் பூரா ஜெராக்ஸ் எடுக்கிற கையா இது என்று என் கையையே பார்த்துக்கொண்டேன். காலால் போட்ட கோலுக்குக் கையை ஏன் பார்த்தேனோ.

ஃபைனலில் நாங்கள்!

மே 18, ஞாயிறு

ஊர் யூகாவை விடவில்லை. நேற்று வந்ததும் ஒரு ஜூஸ் கடையைத் திறந்துவைத்தார். கோலப் போட்டிக்கு நடுவராக இருந்தார். யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவிலோ பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். போகிற இடமெல்லாம் பொன்னாடை. மே மாத வெயிலில், அதுவும் செஞ்சி வெயிலில், சால்வை! பிராக்டீஸுக்கு ஒரு மூட்டை சால்வையோடு வந்தார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"முதல் கிளப்ல நான் பேக். ஒரு பொண்ணுக்குக் கால் உடைஞ்சது, அவ இடத்துக்குப் போனேன். ஒரு பொண்ணுக்குக் கல்யாணம், அவ இடம். ஒருநாள் கோல்கீப்பர் கூட. பேப்பர்ல எழுதினாங்க, ரொம்ப உபயோகமான பொண்ணுன்னு."

உபயோகமானவள். மிக்ஸியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

"உங்களுக்கு எந்த எடம் புடிக்கும்?"

டம்ளரைக் கீழே வைத்தார். "நடு."

"சொல்லலியா?"

"யாரும் கேக்கலையே."

ஜப்பானிலும் சுந்தரமூர்த்தி அண்ணன்கள் இருக்கிறார்கள்.

மே 25, ஞாயிறு

ஆத்திரம் அடங்கவில்லை. எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

ஃபைனல். எதிரே திண்டிவனம். மேடையில் துண்டு போர்த்திய நடு நாற்காலி காலி. சிறப்பு விருந்தினராக வரவேண்டிய நகைக்கடை முதலாளி வேறு விழாவுக்குப் போய்விட்டார். நடு நாற்காலி காலியாக இருந்தால் விழா எப்படி நடக்கும்? அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். யூகாவைக் கையோடு கூட்டிப்போய் அதில் உட்காரவைத்துவிட்டார். சிறப்பு விருந்தினர் இடத்துக்கும் அவர்தான் ஆள்!

"அண்ணே, அவங்க ஆடணுமே!" என்றேன்.

"சீஃப் கெஸ்ட் பாதியில எறங்கி பந்து ஒதைச்சா ஊரு இன்னா பேசும்? நீ பேக்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பண்ணிக்கொண்டேன். வெக்கமா இருக்குது. பத்தாம் நம்பர் பனியன போட்டுகினு பேக்ல நின்னேன், அழுதுகினே நின்னேன். யூகா இல்லாததால பத்துப் பேர்தான் நாங்க, வேற ஆளு இல்ல. ஒரு கோல் வாங்கினோம். மேடைய பாத்தா, சால்வைக்குள்ள யூகா. என்னையே பாத்துகினு இருந்தாங்க.

இடைவேளையில் மைக்கை வாங்கினார். "நானும் ஒருத்தருக்குப் பொன்னாடை போர்த்தணும்."

கைத்தட்டல். தன் மேல் கிடந்த அத்தனை சால்வையையும் சுந்தரமூர்த்தி அண்ணனுக்குப் போர்த்தினார். மாலையையும் போட்டார். தோளைப் பிடித்து நடு நாற்காலியில் உட்காரவைத்தார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இனி பூகம்பமே வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

யூகா இறங்கி ஓடிவந்தார். பூட்ஸை அவர் மேடையிலும் கழற்றவே இல்லை. நேராகப் பின்வரிசைக்குப் போனார்.

"அங்க வேணாம். நீங்க நடுவுல ஆடுங்க" என்றேன்.

"பேக்?"

"காலியா கெடக்கட்டும்."

சிரித்தார். இத்தனை நாளில் பரவாயில்லை என்று சொல்லாமல் ஓடியது அப்போதுதான். நடுவிலிருந்து ஒரு பந்து கொடுத்தார் பாருங்கள், நான் தொட்டேன், கோல்! அடுத்தது அவரே அடித்தார். ஆண்டாள் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அப்புறம் திண்டிவனத்துக்காரிகள் காலியான பின்பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டுக்கு மூன்று. தோற்றோம்.

ஜெயித்திருக்கலாம், யாராவது ஒருத்தர் அட்ஜஸ்ட் பண்ணியிருந்தால். யூகாவும் நானும் மண்ணில் மல்லாந்து கிடந்து சிரித்தோம். தோற்ற டீம் மாதிரி இல்லை என்று ஊரே திட்டியது.

மே 26

கோப்பை போனது என்னால்தானாம். அண்ணன் சொல்லிக்கொண்டு திரிகிறார். சால்வைகளைத் திருப்பித் தரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

யூகாவுக்குப் போன் போட்டேன். கம்பெனி டீமில் ஆடுகிறாராம். "எந்த எடம்?" என்றேன். "நடு. நானே கேட்டேன்" என்றார்.

சாயங்காலம் எங்களுக்குள் பிராக்டீஸ் மேட்ச். ஆண்டாள் வரவில்லை, பனமலையில் யாருக்கோ வளைகாப்பு. கீப்பர் யார்? எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பந்தை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய் நின்றேன். கோல் காலியாகவே கிடந்தது.

கடைசியில் சுந்தரமூர்த்தி அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டினார். கிளவுஸ் அவருக்குச் சரியாகத்தான் இருக்கிறது.